பார்ட்டி ஃபான்ட் கேட்டால் கொடுக்கலாமா?

"தம்பி, லோகோ நல்லா வந்துருக்குதுங்க. அந்த எழுத்தையும் அப்படியே மெயில்ல அனுப்பி உடுங்க. நம்ம ஆபீஸ்ல புள்ளைங்க பில்லு, லெட்டர்பேடு எல்லாம் அதுலயே அடிச்சுக்கட்டும்."

டிசைன் தொழிலுக்கு வந்த எல்லோருக்கும் ஒரு நாள் இப்படி ஒரு போன் வரும். கோவையோ ஈரோடோ கரூரோ, பார்ட்டி இதைக் கேட்பதில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. காசு கொடுத்து வேலை வாங்கியிருக்கிறார். அந்த வேலையில் இருக்கும் எழுத்தும் தன்னுடையதுதான் என்று நினைக்கிறார். தொழிலுக்குப் புதிதாக வந்த டிசைனரும் அப்படியே நினைத்து, ஃபான்ட் கோப்பை ஜிப் போட்டு அனுப்பிவிடுகிறார். ஃபான்ட் லைசென்ஸ் பஞ்சாயத்துகளில் பல, இந்த ஒரு மெயிலில்தான் தொடங்குகின்றன.

முதலில் ஃபான்ட் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். நாம் திரையில் பார்ப்பது எழுத்தின் உருவம். கணினியில் இருப்பது டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும் ஒரு கோப்பு. ஒவ்வொரு எழுத்தின் வளைவும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எழுத்துக்கு எழுத்து எவ்வளவு இடைவெளி, 'க'வுடன் உகரம் சேர்ந்தால் எந்த உருவத்தைக் காட்ட வேண்டும் என்ற விவரமும் விதியும் அதற்குள் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு சின்ன சாஃப்ட்வேர். காசு கொடுத்து ஃபான்ட் வாங்கும்போது அந்த சாஃப்ட்வேரை நாம் சொந்தமாக்கிக் கொள்வதில்லை. இத்தனை கணினியில், இன்னின்ன வேலைக்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியைத்தான் வாங்குகிறோம். அந்த அனுமதிதான் லைசென்ஸ். இலவசமாக இறக்கிய ஃபான்ட்டுக்கும் இது உண்டு. காசு இல்லை என்பதால் விதியும் இல்லை என்று ஆகிவிடாது.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: என் கையைவிட்டு வெளியே போவது எழுத்தின் படமா, ஃபான்ட் கோப்பா?

கல்யாணத்துக்குப் பாத்திரக் கடையில் அண்டா வாடகைக்கு எடுக்கிறோம். அதில் ஆக்கிய சோற்றை ஊருக்கே போடலாம், கடைக்காரர் ஏன் என்று கேட்க மாட்டார். அண்டாவைத் தூக்கி மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப முடியுமா? லேபிள், போஸ்டர், நோட்டீஸ் எல்லாம் சோறு. ஃபான்ட் கோப்பு அண்டா. சோற்றுக்கும் நிபந்தனை போடும் சில லைசென்ஸ்கள் இருக்கின்றன, அவற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு எண்ணெய் மில்லும் ஐந்து வேலைகளும்

காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில் என்று வைத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெய்க்குப் புது பிராண்ட் போடுகிறார்கள். பாட்டில் லேபிள், கடை போர்டு, இணையதளம், ஆர்டர் எடுக்க ஒரு மொபைல் ஆப், ஆபீஸ் கடிதத்தாள். ஐந்துக்கும் ஒரே ஃபான்ட் வேண்டும் என்கிறார்கள். நீங்கள் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் காசு கொடுத்து ஒரு ஃபான்ட் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு லைசென்ஸ் ஐந்துக்கும் போதுமா? பெரும்பாலும் போதாது.

நீங்கள் வாங்கியது பொதுவாக டெஸ்க்டாப் லைசென்ஸாக இருக்கும். அதாவது கணினியில் நிறுவி, அதை வைத்து டிசைன் செய்து, அச்சுக்கோ படமாகவோ கொடுப்பது. லேபிளும் போர்டும் இதற்குள் அடங்கிவிடும். அதிலும் எத்தனை கணினி அல்லது எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இருக்கும். ஆபீஸில் மூன்று சிஸ்டம் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு மட்டும் வாங்கி, மீதி இரண்டுக்கும் பென்டிரைவில் போட்டுக்கொள்வது நம் ஊரில் யாரும் தப்பாகவே நினைக்காத விஷயம். ஆனால் இதே காரணத்துக்காக 2009இல் ஃபான்ட் பீரோ என்ற அமெரிக்க எழுத்துரு நிறுவனம் என்பிசி யுனிவர்சல் மீது குறைந்தது 20 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. வாங்கிய லைசென்ஸின் அளவைத் தாண்டி ஃபான்ட்டை ஆபீஸ் முழுக்கப் பரவவிட்டார்கள் என்பதுதான் புகார். அத்தனை பெரிய டிவி நிறுவனமே இந்தக் கணக்குக்காக ஒரு வழக்கைச் சந்திக்க வேண்டி வந்தது.

லேபிளை அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்தைக் கர்வ் ஆக்கி அனுப்புங்கள். கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் கன்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. இதைச் செய்ததும் எழுத்து வெறும் கோட்டுருவமாக மாறிவிடும். அச்சகத்துக்காரரிடம் அந்த ஃபான்ட் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. லைசென்ஸும் காப்பாற்றப்படுகிறது, எழுத்தும் காப்பாற்றப்படுகிறது. எழுத்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்த 'வணக்கம்' என்ற சொல், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் டி, இசட், எஃப், அரைப்புள்ளி, மறுபடி எஃப், கே, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக விழும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் இடத்தில் தமிழ் தெரியாத ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தால் அது அப்படியே அச்சாகியும் வந்துவிடும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: கர்வ் ஆக்காத மூலக் கோப்பை உங்களிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கர்வ் ஆன எழுத்தில் விலையைத் திருத்த முடியாது.

பிடிஎஃப் ஆக அனுப்பினாலும் சரிதான். நல்ல பிடிஎஃப்பில் நாம் பயன்படுத்திய எழுத்துகள் மட்டும் உள்ளே பதிந்து போகும், முழு ஃபான்ட்டும் போகாது. இதற்கும் ஃபான்ட்டுக்குள்ளேயே ஒரு குறி உண்டு. விண்டோஸில் ஃபான்ட் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து டீடெயில்ஸ் பக்கம் போனால், பதிக்கும் அனுமதி என்ன என்பது ஒரு வரியில் இருக்கும். 'ரெஸ்ட்ரிக்டட்' என்று இருந்தால் அந்த ஃபான்ட்டைப் பிடிஎஃப்பில் பதிக்கக்கூடத் தடை. அப்போது கர்வ் ஒன்றுதான் வழி.

இணையதளத்துக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். தளத்தில் வரும் எழுத்து படம் அல்ல. தளத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் போனுக்கும் ஃபான்ட் கோப்பு இறங்கி, அங்கே எழுத்தாக மாறுகிறது. அதாவது கோப்பு வெளியே போகிறது, ஒருவருக்கு அல்ல, ஊருக்கே. அதனால் இதற்கு வெப் லைசென்ஸ் தனி. மாதம் எத்தனை பக்கங்கள் பார்க்கப்படுகின்றன என்ற கணக்கில் விலை வைப்பவர்கள் அதிகம். இங்கே ஒரு எளிய தப்பிக்கும் வழி இருக்கிறது. பிராண்டின் பெயர் மட்டும்தான் அந்த ஃபான்ட்டில் வேண்டும் என்றால், அதைக் கர்வ் ஆக்கி எஸ்விஜி என்ற கோட்டுருவப் படமாக ஏற்றுங்கள். மற்ற எழுத்துக்கெல்லாம் இலவச ஃபான்ட் ஒன்றைப் போடுங்கள். காங்கேயம் மில்லுக்கு இது தாராளமாகப் போதும்.

மொபைல் ஆப்புக்கும் இதே கதைதான். ஃபான்ட் ஆப்புக்குள் பொதிந்து போகிறது, ஆப்பைப் பிரிக்கத் தெரிந்தவர் ஃபான்ட்டையும் எடுத்துவிடலாம். எனவே ஆப் லைசென்ஸ் தனி.

கடைசியாக அந்தக் கடிதத்தாள். மில் ஆபீஸில் இருக்கும் கணக்குப்பிள்ளை தன் கணினியில் அந்த ஃபான்ட்டை நிறுவி டைப் அடிக்க வேண்டும் என்றால், மில்லின் பெயரில் இன்னொரு டெஸ்க்டாப் லைசென்ஸ் வேண்டும். உங்களுடைய லைசென்ஸ் உங்களுக்கு மட்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு: மில் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கி உங்களிடம் ஃபான்ட்டைக் கொடுத்தால், அதை நீங்கள் பயன்படுத்தலாமா? வெளியாள் ஒருவர் அந்த வேலைக்காக மட்டும் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம் என்று சில லைசென்ஸ்கள் சொல்கின்றன. பல லைசென்ஸ்கள், இல்லை, டிசைனரும் தனியாக வாங்க வேண்டும் என்கின்றன. படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பக்கம் பக்கமாக இருந்தாலும் நாம் தேட வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான்: கணினி எண்ணிக்கை, லோகோ, விற்பனைப் பொருள், பிடிஎஃப், வெளியாள். கன்ட்ரோல் எஃப் போட்டால் ஐந்து நிமிட வேலை.

திருப்பூரில் மட்டும் கூடுதல் கவனம்

சோற்றுக்கும் நிபந்தனை உண்டு என்றேன் அல்லவா, அது இங்கேதான் அதிகம் உதைக்கும். டி-ஷர்ட்டின் நெஞ்சில் பெரிதாக ஒரு வாசகம். பூ இல்லை, படம் இல்லை, எழுத்தேதான் டிசைன். அந்தச் சட்டையை வாங்குகிறவர் அந்த எழுத்தின் அழகுக்காகவே வாங்குகிறார். இப்படி விற்பனைக்குப் போகும் பொருளில் எழுத்தே முக்கிய அம்சமாக இருந்தால் தனி லைசென்ஸ் வேண்டும் என்று சில ஃபான்ட் நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. சில நிறுவனங்கள் இத்தனை பீஸ் வரை சும்மா, அதற்கு மேல் காசு என்கின்றன. ஹேங்டேக்கிலோ வாஷ்கேர் லேபிளிலோ சின்னதாக வரும் எழுத்துக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

பையர், அதாவது ஆர்டர் கொடுத்த நிறுவனம், அனுப்பிய ஆர்ட்வொர்க்கை அப்படியே ஸ்கிரீனில் ஏற்றி அடித்துக் கொடுத்தால் எழுத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் அல்ல. ஆனால் திருப்பூரில் வேலை அப்படியே வருவது எத்தனை முறை? "இந்த ஃபான்ட் எங்கிட்ட இல்லைங்க, இதே மாதிரி ஒண்ணு போட்டுடுங்க" என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சொல்வார், பிரின்டிங் யூனிட்டில் இருக்கும் பையன் நெட்டில் தேடி ஒன்றை இறக்கிப் போடுவான். அந்த நொடியில் பொறுப்பு பையரிடமிருந்து யூனிட்டுக்கு மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைப் பையரிடம் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குவது, நிறத்துக்கு லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துணி) ஒப்புதல் வாங்குவதைவிடச் சின்ன வேலை.

'எழுத்துக்கு ஏதுங்க காப்பிரைட், அ யாருக்குச் சொந்தம்?' என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாதி சரி. அமெரிக்காவில் எழுத்தின் உருவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஃபான்ட் கோப்பு என்ற சாஃப்ட்வேருக்கு உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் வடிவமைப்புச் சட்டம் எழுத்துருவின் தோற்றத்தையும் பதிவு செய்யக்கூடிய வடிவமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நம் சட்டைகள் எங்கே போகின்றன என்பதை யோசித்தால் அந்த வாதத்தை நம்பிக் கப்பல் ஏற்ற முடியாது.

லோகோவும் இப்படித்தான். பெரும்பாலான டெஸ்க்டாப் லைசென்ஸ்கள் லோகோ செய்ய அனுமதிக்கின்றன, சில மட்டும் தனிக்கட்டணம் கேட்கின்றன. லோகோவில் சிக்கல் என்றால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. பிரான்ஸில் இணையத் திருட்டைத் தடுக்க ஹடோபி என்று ஓர் அரசு அமைப்பைத் தொடங்கினார்கள். 2010 ஜனவரியில் அதன் லோகோவை வெளியிட்டபோது, அதிலிருந்த எழுத்து பிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்துக்காக மட்டுமே செய்யப்பட்ட பியென்வென்யூ என்ற ஃபான்ட் என்று எழுத்துரு உலகில் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்தவர் படைப்பைத் திருடாதே என்று சொல்ல வந்த அமைப்பு, வேறு ஃபான்ட்டில் லோகோவை மாற்ற வேண்டியதாயிற்று. எழுத்தைத் தேர்ந்தெடுத்தது டிசைன் நிறுவனம், மானம் போனது பார்ட்டிக்கு.

இலவசம், ஆனால் எந்த இலவசம்?

இலவச ஃபான்ட் தளங்களில் இருக்கும் பலவற்றுக்கு 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று பக்கத்திலேயே சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். தங்கச்சி பிறந்தநாள் அட்டைக்குப் போடலாம், பில் போடும் வேலைக்கு ஆகாது. அது ஒரு மாதிரிப் பொட்டலம், அவ்வளவுதான்.

தைரியமாகப் பயன்படுத்தக்கூடிய இலவசம் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற விதியின்கீழ் வருபவை. இப்போது புழங்கும் 1.1 பதிப்பு 2007இல் வந்தது. இதன்படி அச்சு, இணையதளம், ஆப், லோகோ, டி-ஷர்ட் எதற்கும் தடையில்லை. எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவலாம். பார்ட்டி கேட்டால் கோப்பையே கொடுக்கலாம், கூடவே அந்த லைசென்ஸ் டெக்ஸ்ட் கோப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். செய்யக்கூடாதது முக்கியமாக இரண்டு. ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக்கூடாது. ஃபான்ட்டைத் திருத்தி வெளியிட்டால் அதே லைசென்ஸின்கீழ்தான் வெளியிட வேண்டும், ஒதுக்கிய பெயர் என்று குறித்திருந்தால் அந்தப் பெயரையும் வைக்கக்கூடாது.

நமக்கு நல்ல காலம், தமிழில் இந்த வகை இப்போது நிறைய இருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், அனெக் தமிழ், பலூ தம்பி, மீரா இனிமை, கவிவனார் எல்லாம் கிடைக்கின்றன. முறுக்கு, கடலை மிட்டாய் பாக்கெட்டுக்குக் கொழுகொழுவென்று இருக்கும் பலூ தம்பி அருமையாகப் பொருந்தும். விலைப்பட்டியல், பில் மாதிரி நெருக்கமான வேலைக்கு முக்தா மலர். கவிவனார் சாய்ந்த கையெழுத்துப் போல இருக்கும். அழைப்பிதழில் இரண்டு வரிக்கு மேல் போட்டால் கண் வலிக்கும் என்பது என் கருத்து. அனெக் தமிழில் ஒடுக்கமானது முதல் அகலமானது வரை ஒரே குடும்பத்தில் இருப்பதால், பாட்டில் லேபிளில் 'மரச்செக்கு தேங்காய் எண்ணெய்' என்று நீளமாக எழுத வேண்டிய இடத்தில் கை கொடுக்கும். எழுத்தை இழுத்து நசுக்க வேண்டிய தேவை இல்லை.

கூகுள் ஃபான்ட்டை இணையதளத்தில் போடும்போது, கோப்பை இறக்கி உங்கள் சர்வரிலேயே ஏற்றிவிடுவது நல்லது. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், கூகுள் சர்வரிலிருந்து ஃபான்ட்டை இழுத்த ஒரு தளத்துக்கு 100 யூரோ இழப்பீடு விதித்தது. அது லைசென்ஸ் பிரச்சினை அல்ல, பார்வையாளரின் ஐபி முகவரி கூகுளுக்குப் போனது என்ற தனியுரிமைப் பிரச்சினை. ஜெர்மன் பையர் வைத்திருக்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்குத் தளம் செய்கிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

விண்டோஸோடு வரும் லதா, விஜயா, நிர்மலா போன்றவற்றை வைத்து அச்சடித்து விற்பதை மைக்ரோசாஃப்ட் தடுப்பதில்லை. வீடு, மாணவர் பயன்பாட்டுக்கென்று விற்கும் மென்பொருளில் செய்தால் மட்டும் கதை வேறு. கோப்பை எடுத்து இணையதளத்தில் ஏற்றுவதற்கும் பிறருக்குக் கொடுப்பதற்கும் அனுமதி கிடையாது. அடோபி ஃபான்ட்ஸ் உங்கள் சந்தாவோடு வருபவை. லோகோ, அச்சு, பிடிஎஃப் எல்லாம் செய்யலாம், கோப்பைக் கொடுக்க முடியாது. வேலையைப் பேக்கேஜ் செய்தாலும், அதாவது அதன் கோப்புகளை ஒன்றாகத் திரட்டினாலும், அந்த ஃபான்ட்கள் கூட வராது. பார்ட்டியின் இணையதளத்தில் அவை வேண்டும் என்றால் பார்ட்டியே சந்தா கட்ட வேண்டும்.

கோரல்டிராவோடு வரும் ஃபான்ட் பற்றி ஒரு வார்த்தை. அதன் அனுமதி, கோரல்டிராவைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு. கிராக் போட்ட கோரலோடு வந்த ஃபான்ட்டுக்கு லைசென்ஸ் ஏது? பழைய தமிழ் டிடிபி (கணினி அச்சுக்கோர்ப்பு) மென்பொருள்கள் பல, கணினியில் செருகும் டாங்கிள் பூட்டோடு ஒரு கணினிக்கென்றே விற்கப்பட்டவை. அவற்றின் ஃபான்ட்கள் இன்று பென்டிரைவ் பென்டிரைவாகச் சுற்றிக்கொண்டிருப்பதால் பொதுச்சொத்து ஆகிவிடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வகையில் சேர்த்துப் பாதுகாக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைப் பயன்படுத்தினால் 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நடைமுறையில் முதலில் வருவது போலீஸ் அல்ல, 'எங்கள் ஃபான்ட் உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது, லைசென்ஸ் காட்டுங்கள்' என்ற மெயில்தான். அது பிராண்ட் வளர்ந்து வெளி மாநிலம், வெளிநாடு என்று போன பிறகு பார்ட்டியின் பெயருக்கு வரும். பார்ட்டி உங்களுக்குப் போன் செய்வார்.

கொட்டேஷனில் ஒரு வரி

இதற்கெல்லாம் வேலை முடிந்தபின் பேசினால் சண்டை, முதலிலேயே பேசினால் ஒரு வரி. கொட்டேஷனில் இப்படி எழுதலாம்: "எழுத்துரு உரிமக் கட்டணம் டிசைன் கட்டணத்தில் அடங்காது. தேவைப்பட்டால் உரிமம் வாடிக்கையாளர் பெயரில் தனியே வாங்கப்படும். ஃபான்ட் கோப்பு ஒப்படைக்கப்படாது. அச்சுக்கான கோப்புகள் கர்வ் செய்து தரப்படும்."

"எழுத்துக்கெல்லாம் எதுக்குங்க தனிக் காசு?" என்று கேட்பார்கள். அதற்கு லெக்சர் அடிக்க வேண்டாம். காசு கட்டும் ஃபான்ட்டில் ஒரு மாதிரி, இலவச ஃபான்ட்டில் ஒரு மாதிரி என்று இரண்டும் செய்து பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். இதன் விலை இவ்வளவு, இதற்கு ஒன்றும் இல்லை. வியாபாரம் செய்கிறவருக்கு இந்தக் கணக்கு ஒரு நிமிடத்தில் புரியும். பலர் இலவசத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், நல்லதுதான். சிலர் காசு கட்டுவார்கள். அப்போது வாங்கும் லிங்கை அவர்களுக்கே அனுப்பி அவர்கள் கார்டில், அவர்கள் கம்பெனி பெயரில் வாங்க வையுங்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்தால் ரசீதில் உங்கள் பெயர் விழுந்துவிடும்.

லைசென்ஸில் ஏதாவது புரியவில்லை என்றால் ஃபான்ட் செய்தவருக்கே ஒரு மெயில் போடுங்கள். என்ன பொருள், எத்தனை பீஸ், எங்கே விற்பனை என்று மூன்று வரி எழுதினால் போதும். அவருடைய பதிலை, ரசீதோடும் ஃபான்ட்டோடு இறங்கிய லைசென்ஸ் கோப்போடும் அந்த வேலையின் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். தளங்கள் தங்கள் விதிகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடம் கழித்து மில்காரர் 15 லிட்டர் டின்னுக்கும் அதே எழுத்தில் லேபிள் கேட்கும்போது, எந்த விதியின்கீழ் வாங்கினோம் என்று காட்ட அந்த ஃபோல்டர் ஒன்றுதான் இருக்கும்.